செக்லிஸ்டுக்கு மேல ஒரு சொல்

சார், அந்தப் பெட்டியைக் கொஞ்சம் நகத்திக்கிட்டா நான் உக்காந்துக்குவேன். போதும் போதும். விசாகப்பட்டினம் பிளைட்லதானே வந்தீங்க? பெட்டியில டேக் தொங்குது, அதான் கேட்டேன். பட்டம் ஏர், மத்தியானம் எறங்கினது. சரி. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் சார். இப்ப வேணாம். எடுத்த உடனே கேட்டா நல்லா இருக்காது. நீங்க எங்க எறங்கணும்? சென்ட்ரலா? அப்ப நேரம் இருக்கு. நான் நந்தனம்.

ஆமா சார், பைலட்தான். சும்மா வேஷம் போட்டுக்கிட்டு வரல. கேப்டன் நெல்லையப்பன். உங்க பிளைட்டை ஓட்டிக்கிட்டு வந்தது நான்தான். பைலட்டுக்கு மெட்ரோவுல என்ன வேலைன்னு பாக்கறீங்க. கம்பெனி கார் வந்துச்சு சார். டிரைவர் கதவைத் தெறந்து பிடிச்சுக்கிட்டு நிக்கறான். உள்ள அந்தப் பொண்ணு ஏற்கனவே உக்காந்திருக்கு, மூஞ்சியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டு. நான் ஏறல. "நீ போப்பா, நான் ரயில்ல போய்க்கறேன்"னுட்டேன். மேல அந்த மூஞ்சியைப் பாத்தது போதாதா, கீழ வேற பாக்கணுமா?

அந்தப் பொண்ணுன்னா என்னோட கோ-பைலட். சுகிர்தா. நாகர்கோவில் பக்கம். கெட்டிக்காரி, அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். எவ்வளவு காத்தடிச்சாலும் கை பதறாது. ஆனா இன்னிக்கு என்கிட்ட ஒரு சொல் பேசல சார். சக்கரத்தை எறக்கச் சொல்லி "கியர் டவுன்"னா, அதுவும் "கியர் டவுன்"னு சொல்லும். செக்லிஸ்டுல என்ன இருக்கோ அதைப் படிக்கும். வேலைக்கு வேணுங்கறதுல ஒரு எழுத்து கொறையாது. அதுக்கு மேல ஒரு எழுத்து கிடையாது. காலையில "குட் மார்னிங்"னு சொல்றேன், ரன்வேயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. "சாப்பிட்டியாம்மா?"ன்னு கேக்கறேன். நம்ம ஊர்ல பகையாளி கூட அதுக்குப் பதில் சொல்லுவான். இது சொல்லல.

இன்னிக்கு எனக்குக் கடைசி பிளைட் சார்.

நாளைக்கு அறுபத்தஞ்சு வயசு. அறுபத்தஞ்சு ஆச்சுன்னா சட்டப்படி அவ்வளவுதான். கண்ணு பருந்து மாதிரி இருந்தாலும் சரி, நெஞ்சு கல்லு மாதிரி இருந்தாலும் சரி, எறங்கிக்கன்னு சொல்லிருவாங்க. நீங்க பிளைட்ல ஏதாவது அறிவிப்பு கேட்டீங்களா? "இன்னிக்கு நம்ம கேப்டனுக்குக் கடைசிப் பயணம்"னு? கேட்டிருக்க மாட்டீங்க. யாராவது சொன்னாத்தானே கேக்கறதுக்கு!

எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்கு சார். கடைசி பிளைட்டுன்னா பக்கத்து சீட்டுல இருக்கற பைலட்தான் அதைச் சொல்லணும். மேல போகும்போது கன்ட்ரோல் டவருக்கு ரேடியோவுல சொல்லுவான், டவர்ல இருக்கறவங்க வாழ்த்து சொல்லுவாங்க. பக்கத்துல பறந்துக்கிட்டு இருக்கற மத்த பிளைட்டுக்காரனுங்களும் அந்த ரேடியோவைக் கேட்டுக்கிட்டுத்தானே இருப்பானுங்க, ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லுவானுங்க. அப்புறம் தரையிறங்கி நின்னதும் பயணிங்களுக்குச் சொல்லுவான். எல்லாரும் கை தட்டுவாங்க. கடைசியா இன்ஜினை அணைச்சதும், பக்கத்து சீட்டுக்காரன் கையைக் குடுத்து, "நல்ல லேண்டிங் கேப்டன்"னு சொல்லுவான். அந்தச் சொல்லைத்தான் சார் ஒருத்தன் வீட்டுக்குக் கொண்டு போவான். மத்தபடி மாலை, கேக்கு, அதெல்லாம் கம்பெனி குடுக்கறது. இது ஒரு பைலட் இன்னொரு பைலட்டுக்குக் குடுக்கறது.

நீங்களே மைக்கை எடுத்துச் சொல்லிக்க வேண்டியதுதானேன்னு நெனைக்கறீங்க. தன் கல்யாணத்துக்குத் தானே மேளம் அடிச்சுக்குவானா சார் ஒருத்தன்? அது அடுத்தவன் வாயாலதான் வரணும்.

இந்த டப்பாவைப் பாருங்க. ரவா லட்டு. என் வீட்டுக்காரி கோமதி விடியறதுக்கு முன்னாடி எழுந்து புடிச்சது. "கூட வர்றவங்களுக்கெல்லாம் குடுங்க, கடைசி நாள்"னு குடுத்து அனுப்புனா. நான் மூடியைத் தெறந்து அந்தப் பொண்ணுகிட்ட நீட்டினேன். நீட்டின கையை எவ்வளவு நேரம் சார் நீட்டிக்கிட்டே இருக்கறது? மூடி வச்சுட்டேன். நீங்க ரெண்டு எடுத்துக்கங்க. அட எடுங்க சார், ஒண்ணும் கலக்கல. இங்க சாப்பிட்டுறாதீங்க, மெட்ரோவுல சாப்பிடக்கூடாது, சட்டம். பையில போட்டுக்கங்க.

இந்தப் பேசாத வித்தை இருக்கே, இதை யார் கண்டுபிடிச்சது தெரியுமா? நான். இந்த நெல்லையப்பன். அதுதான் சார் எனக்கு வயிறு எரியுது.

சாகர் ஏர்வேஸ்னு ஒரு கம்பெனி இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? அதோட நல்ல காலம் உங்க வயசுக்குத் தெரிஞ்சிருக்காது. ராஜா மாதிரி இருந்த கம்பெனி. பீங்கான் தட்டுல சாப்பாடு, துணி நாப்கின். நான் அங்க கோ-பைலட், யூனியன் செகரெட்டரியும் நான்தான். அப்பதான் இந்தப் பட்டம் ஏர் ஆரம்பிச்சான். பஸ் டிக்கெட் விலைக்குப் பிளைட்டுன்னான். தண்ணிக்குக் காசு, சீட்டுக்குக் காசு. நாங்க சிரிச்சோம். "பேரே பட்டம், நூல் அறுந்தா போச்சு"ன்னு நான் மீட்டிங்ல சொன்னேன், கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. ஆனா எங்க மேனேஜ்மென்ட் சிரிக்கல. பட்டத்தோட போட்டி போடணும், அதனால நீங்க கூட ரெண்டு பிளைட் ஓட்டணும், ஓய்வு நேரத்தைக் கொறைக்கறோம்னான்.

சார், ஓய்வுன்னா சோம்பேறித்தனம்னு நெனைக்காதீங்க. எங்காளு ஒருத்தன், நல்ல பைலட், இம்பால்ல எறங்கும்போது தலை தொங்கிருச்சு. ரன்வே தெரியுது, அவன் தூங்கறான். பக்கத்துல இருந்தவன் புடிச்சான், இல்லைன்னா நூத்தம்பது பேரு. அதைச் சொல்லித்தான் நாங்க ஸ்டிரைக் பண்ணோம். அது நியாயமான ஸ்டிரைக். இன்னிக்கும் சொல்லுவேன், எங்க வேணாலும் சொல்லுவேன்.

ஓட்டெடுப்புக்கு முந்தின மீட்டிங்ல தேவநேசன் எழுந்தாரு. கேப்டன் தேவநேசன், பாளையங்கோட்டைக்காரர், எங்க எல்லாருக்கும் மூத்தவரு. சத்தமே போட மாட்டாரு. "நீங்க கேக்கறது சரிதான்யா. ஆனா நாம பறக்காம உக்காந்தா ஜனங்க பட்டத்துக்குப் போவாங்க. ஒரு தடவை மலிவா போய்ப் பழகிட்டா பீங்கான் தட்டுக்காகத் திரும்பி வர மாட்டாங்க. உள்ள இருந்துக்கிட்டே போராடுவோம்"னாரு. நான் மைக்கைப் புடுங்கினேன். "பயணி போவான் வருவான், கூட நிக்கறவன்தான் சார் சொத்து"ன்னேன். கை தட்டல்ல கூரை அதிர்ந்துச்சு. அவரு உக்காந்துட்டாரு.

ஸ்டிரைக் வந்துச்சு, எல்லாரும் உக்காந்தோம். அவரு மட்டும் பறந்தாரு.

கேட்டா என்ன சொன்னாரு தெரியுமா? "தம்பி, எனக்கு ரிட்டையர் ஆக மூணு மாசம்தான் இருக்கு. இப்ப உக்காந்தா திரும்ப ஏறுவேனோ மாட்டேனோ. தரையில உக்காந்து முடிக்க மனசு வரல"ன்னாரு. இது ஒரு காரணமா சார்? ஊரே ஒரு பக்கம் நிக்கும்போது மனசு வரலையாம்! கருங்காலின்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். நாங்க பாதி ஜெயிச்சோம், பாதி தோத்தோம். அவரு பறந்ததைப் பாத்துட்டு இன்னும் சில பேரு பறந்தானுங்க, அதனாலதான் தோத்தோம். ஒரு மூத்த ஆளு போனா, பின்னாடி நாலு பேருக்குத் தைரியம் வந்துரும் சார். அதுக்கு யாரு பொறுப்பு? அவருதானே?

இது என்ன, ஆலந்தூரா? எவ்வளவு கூட்டம் ஏறுது பாருங்க. காலை உள்ள இழுத்துக்கங்க.

ஸ்டிரைக் முடிஞ்சு எல்லாரும் வேலைக்கு வந்தாச்சு. அடிக்க முடியுமா? முடியாது. அந்தாளோட பறக்க மாட்டேன்னு சொல்ல முடியுமா? கம்பெனி விடாது. அப்பதான் நான் அந்த விதியைப் போட்டேன். செக்லிஸ்ட் பாஷை. காக்பிட்ல அவருகிட்ட செக்லிஸ்டுல இருக்கறதைச் சொல்லலாம், பாதுகாப்புக்கு எது வேணுமோ அத்தனையும் சொல்லணும், அதுல ஒண்ணு விட்டாலும் நானே தண்டிப்பேன். அதுக்கு மேல ஒரு சொல் கிடையாது. வணக்கம் கிடையாது. சாப்பிட்டீங்களா கிடையாது. மழை வர்ற மாதிரி இருக்கேன்னு கூடச் சொல்லக்கூடாது, ரேடார்ல தெரிஞ்சா மட்டும் சொல்லணும். கதவைப் பூட்டிக்கிட்டு ரெண்டு பேரு தோளோட தோள் உரச உக்காந்திருக்கற எடம் சார் அது. எழுந்து வெளிய போக முடியாது. அங்க ஒருத்தன் பேசலைன்னா என்னன்னு பாத்தவனுக்குத்தான் தெரியும். நல்ல விதி. சொட்டு ரத்தம் இல்லாம ஒரு ஆளை ஒடச்சுப் போடற விதி.

அவரு என்ன பண்ணுவாரு, வீட்டுல செஞ்ச அச்சு முறுக்கை ஒரு எவர்சில்வர் டப்பாவுல கொண்டு வருவாரு. மேல போனதும் டப்பாவைத் தெறந்து நடுவுல வச்சுருவாரு. எடுத்துக்கன்னு சொல்ல மாட்டாரு. சும்மா தெறந்து வச்சிருப்பாரு. எறங்கும்போது மூடி எடுத்துக்கிட்டுப் போவாரு. மூணு மாசம். ஒருத்தனும் தொடல. அதுதான் சார் சங்கம்! இன்னிக்கு எவன்கிட்ட இருக்கு அந்தக் கட்டுப்பாடு?

அவரோட கடைசி பிளைட்டுக்கு டியூட்டி எனக்கு விழுந்துச்சு. தற்செயலா விழுந்ததுதான், நான் கேட்டு வாங்கல. ஆனா விழுந்ததுல எனக்குச் சந்தோஷம். கொச்சின்ல இருந்து சென்னை. நான் டவருக்குச் சொல்லல. பயணிங்களுக்குச் சொல்லல. அவரும் கேக்கல.

அன்னிக்கு அவரு எறக்கினாரு பாருங்க சார், நான் சொல்றேன், பொய் சொல்ல மாட்டேன், என் சர்வீஸ்ல அப்படி ஒண்ணு நான் பாத்ததில்ல. குறுக்குக் காத்து வேற. தூங்கற கொழந்தையைத் தொட்டில்ல போடற மாதிரி போட்டாரு. சக்கரம் தொட்டதே தெரியல. மீட்டரைப் பாத்துத்தான் தொட்டுட்டோம்னு தெரிஞ்சுக்கிட்டேன். வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தி, இன்ஜினை அணைச்சு, ஒரு நிமிஷம் கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அப்புறம் என் பக்கம் திரும்பி, "எப்படி இருந்துச்சு தம்பி?"ன்னாரு.

நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு சார். முழுங்கினேன். "பார்க்கிங் செக்லிஸ்ட், கேப்டன்"னேன். அவரு படிச்சு முடிச்சாரு, டப்பாவை எடுத்துக்கிட்டாரு, போயிட்டாரு. அதை நான் எத்தனை மீட்டிங்ல சொல்லியிருக்கேன் தெரியுமா? கட்டுப்பாடுன்னா இது, ஒத்துமைன்னா இது, நாக்கு நுனியில நிக்கறதை முழுங்கணும், அதுதான் யூனியன்னு சொல்லியிருக்கேன். அடுத்த வருஷம் அவரு போய்ச் சேர்ந்துட்டாராம். யாரோ சொன்னாங்க. வயசு.

சாகர் என்ன ஆச்சா? மூடிட்டான். ஸ்டிரைக்னால இல்ல சார், எல்லாரும் அப்படிச் சொல்றானுங்க, அது பொய். ஜனங்க பட்டத்துக்குப் போனாங்க, உண்மைதான், திரும்பி வரல, அதுவும் உண்மைதான், ஆனா காரணம் மேல இருந்தவனுங்க தின்னு தீர்த்தது. நான் பம்பாய்ல ஒரு ஓட்டல்ல இருந்தேன், மறுநாள் பிளைட் ஓட்டணும், போன்ல ஒரு மெசேஜ் வருது, இன்றோடு சேவை நிறுத்தம்னு. அவ்வளவுதான். யூனிஃபார்மை மடிச்சுப் பெட்டியில வச்சுக்கிட்டு இன்னொருத்தன் பிளைட்ல பயணியா வந்து எறங்கினேன். என் கடைசி பிளைட் எதுன்னே எனக்குத் தெரியாமப் போச்சு சார். தெரிஞ்சிருந்தா ஒழுங்கா எறக்கியிருப்பேன். அன்னிக்கு ஒரு மாதிரி டொப்புன்னு போட்டிருந்தேன்.

அதனாலதான் பட்டம் கூப்பிட்டதும் போனேன். ஆமா, அதே பட்டம்தான். சிரிக்காதீங்க. சிரிக்கலையா, சரி. மூணு வருஷ கான்ட்ராக்ட். அறுபத்தஞ்சு வரைக்கும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம் சார், சம்பளத்துல பாதிதான் குடுத்தான், வாயே தெறக்கல. ஒரு ஒழுங்கான கடைசி லேண்டிங் வேணும். நாலு பேருக்குத் தெரிஞ்சு, பக்கத்துல இருக்கறவன் வாயால ஒரு வார்த்தை. அதுக்காகத்தான் அந்தப் பிளாஸ்டிக் சீட்டுக்காரன்கிட்ட போய் நின்னேன்.

அங்கதான் இந்த சுகிர்தா. வேற ஊர்ல தங்கறப்ப சின்னப் பசங்களும் நானும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிடுவோம். நான் கதை சொல்லுவேன். இந்தப் பொண்ணு வாயைப் பொளந்துக்கிட்டுக் கேக்கும். "செக்லிஸ்ட் பாஷையைச் சொல்லுங்க கேப்டன், அந்தக் கேப்டன் கேட்டதும் நீங்க என்ன சொன்னீங்க?"ன்னு திரும்பத் திரும்பக் கேக்கும். நானும் சொல்லுவேன். பட்டத்துல யூனியனே கிடையாது சார் அதுவரைக்கும். இந்தப் பசங்கதான் ஆரம்பிச்சாங்க. என் கதையைக் கேட்டுட்டு ஆரம்பிச்சாங்கன்னே சொல்லலாம். எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு.

போன மாசம் ஸ்டிரைக்னாங்க. அதே ஓய்வு நேரப் பிரச்சினை. வேற ஒரு கம்பெனி பட்டத்தைவிட மலிவா வந்துருச்சாம், அதனால இவன் கூட ரெண்டு பிளைட் ஓட்டச் சொல்றான். சுகிர்தா வீட்டுக்கே வந்துச்சு. கோமதி காபி குடுத்தா. "கேப்டன், நீங்க எங்களோட உக்காந்தா போதும். நீங்க பறந்தா மத்த சீனியர் எல்லாரும் பறந்துருவாங்க"ன்னு சொல்லுச்சு. கண்ணுல தண்ணி. நான் "பாக்கலாம்மா"ன்னேன். பாக்கலாம்னா பாக்கலாம்னுதானே அர்த்தம்? சத்தியமா பண்ணிக்குடுத்தேன்?

எனக்கு இருந்தது ஒரு மாசம் சார். ஒரே மாசம்! இப்ப உக்காந்தா திரும்ப ஏற விடுவானா அவன்? கான்ட்ராக்டைக் கிழிச்சுப் போட்டிருவான். ஏற்கனவே ஒரு தடவை ஓட்டல் ரூம்ல உக்காந்து முடிச்சவன் நான். இன்னொரு தடவை தரையில உக்காந்து முடிக்கவா? அதனால பறந்தேன். சின்னப் பசங்களுக்கு இன்னும் முப்பது வருஷம் இருக்கு, அவங்க உக்காரலாம், எழுந்திருக்கலாம். எனக்கு?

என்ன பாக்கறீங்க? தேவநேசன் கதையும் இதுவும் ஒண்ணுங்கறீங்களா? கோமதியும் இதையேதான் கேட்டா. அவளுக்கும் சொன்னேன், உங்களுக்கும் சொல்றேன், அது வேற, இது வேற. அவரு யூனியன் மெம்பர், மூத்தவரு, ஓட்டுப் போட்டவரு. நான் கான்ட்ராக்ட். எனக்கு யூனியன்ல ஓட்டே கிடையாது. அவருக்கு ஒரு நல்ல கம்பெனி இருந்துச்சு, வீட்டுக்குப் போனா பென்ஷன் இருந்துச்சு. அவரு பயந்தாரு. நான் பயப்படல, எனக்கு வேணுங்கறதை நான் எடுத்துக்கிட்டேன். ரெண்டும் எப்படி சார் ஒண்ணாகும்?

நான் பறந்ததைப் பாத்துட்டு மத்த சீனியர் எல்லாம் பறந்துட்டானுங்களாம். ஸ்டிரைக் படுத்துருச்சாம். ரெண்டு பசங்களை வேலையை விட்டு எடுத்துட்டான் கம்பெனி, அதுல ஒருத்தன் சுகிர்தாவைக் கட்டிக்கப் போற பையன். அதுக்கு நான் என்ன பண்றது? எடுத்தது கம்பெனி. அவனவனுக்குப் புத்தி இல்லையா, நான் பறந்தா அவனும் பறக்கணுமா? ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி மாதிரி எல்லாத்துக்கும் நெல்லையப்பனா?

மறுநாள்ல இருந்து ஆரம்பிச்சுட்டாங்க சார். செக்லிஸ்ட் பாஷை. என்கிட்ட! என் விதியை எடுத்து என் மேலயே போடறாங்க, நான் சொல்லிக்குடுத்த மாதிரியே, ஒரு எழுத்து மாறாம. ரேடார்ல தெரிஞ்சா மட்டும் மழை. வளர்த்த கடா மார்ல பாயுதுன்னு கேள்விப்பட்டிருக்கேன், இன்னிக்குப் பாத்தேன். ஒரு மாசமா யாரோட பறந்தாலும் இதே கதை. சரி, கடைசி நாளாவது மனசு எறங்கும்னு நெனைச்சேன். டியூட்டி போடும்போது சுகிர்தா பேரைப் பாத்தேன், சந்தோஷப்பட்டேன் கூட. நம்ம கதையைக் கேட்டு வளந்த பொண்ணு, காபி குடிச்ச வீடு, ஒரு வார்த்தை சொல்லாம விட்டுருமான்னு நெனைச்சேன்.

இது நந்தனம். போகட்டும் சார், போகட்டும். அடுத்ததுல எறங்கித் திரும்பிக்கறேன். வீட்டுல கோமதி வாசல்ல கோலம் போட்டு வச்சிருப்பா. பையன் டொராண்டோவுல முழிச்சுக்கிட்டு வீடியோ கால்ல காத்திருக்கான். போன உடனே என்ன கேப்பாங்க? "கை தட்டினாங்களா? கோ-பைலட் என்ன சொன்னாங்க?" நான் என்ன சொல்லட்டும்? பார்க்கிங் செக்லிஸ்ட் சொன்னாங்கன்னு சொல்லட்டுமா?

ஏன்னா அதைத்தான் சார் சொல்லுச்சு அது. நான் எறக்கினேன். கடல் பக்கமா வந்து, காத்து கொஞ்சம் தள்ளுச்சு, புடிச்சுக்கிட்டேன், மெதுவா, மெதுவா, வெரல் நுனியில வச்சு எறக்கினேன். எனக்கு நல்லா வந்த மாதிரிதான் இருந்துச்சு. ஆனா நமக்கே தெரியாது சார், கை நம்ம கை, மனசு நம்ம மனசு, அது நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்லும். வண்டி நின்னுச்சு. இன்ஜின் அணைஞ்சுச்சு. பின்னாடி நீங்கல்லாம் எழுந்து நின்னு பெட்டி எடுக்கற சத்தம் கேக்குது. நான் அந்தப் பொண்ணைப் பாத்தேன். கேக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன். வாய் கேட்டுருச்சு. "எப்படி இருந்துச்சும்மா?"ன்னேன்.

அது என்னைப் பாத்துச்சு சார். இன்னிக்கு முழுக்க ஒரே ஒரு தடவை. நாக்கு நுனியில ஏதோ நின்னுச்சு, எனக்குத் தெரியும், அது நிக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? முழுங்குச்சு. "பார்க்கிங் செக்லிஸ்ட், கேப்டன்"னு சொல்லுச்சு.

இரக்கமே கிடையாது சார் இந்தத் தலைமுறைக்கு. ஒரு வயசான மனுஷன், கடைசி நாள், ஒரு வார்த்தை கேக்கறான். சொன்னா என்ன, வாய்ல இருக்கற முத்து உதிர்ந்துருமா? அதுக்கும் ஒரு நாள் அறுபத்தஞ்சு வரும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும். அன்னிக்குப் பக்கத்து சீட்டுல எவனாவது உக்காந்து வாயை மூடிக்கிட்டு இருக்கணும், அப்பத் தெரியும் அதுக்கு.

என்ன சார், சென்ட்ரலா? அதுக்குள்ளயா? இருங்க, இருங்க, கதவு தெறக்கட்டும், எல்லாரும் எறங்கட்டும், நீங்க கடைசியா எறங்கலாம். நான் ஒண்ணு கேக்கணும்னு சொன்னேன்ல. நீங்க உள்ள இருந்தீங்க. சீட்டுல இருந்தீங்க. முதுகு சீட்டுல இருக்கும்போது தெரியும், பைலட்டா இருக்கணும்னு இல்ல, யாருக்கும் தெரியும். எப்படி சார் இருந்துச்சு? லேண்டிங்?

தெரியலையா? எறங்கினதே தெரியலையா? சார், அது... அது இருக்கே சார், அதைவிடப் பெரிய வார்த்தை எங்க தொழில்லயே கிடையாது. சக்கரம் தொட்டதே தெரியலைன்னா... இருங்க, போகாதீங்க, பெட்டியை நான் புடிச்சுக்கறேன். நிஜமாத் தெரியலையா? முழிச்சுக்கிட்டு இருந்தும் தெரியலையா, இல்ல தூங்கிட்டிருந்தீங்களா? ரெண்டும் வேற வேற. கதவு மூடப்போகுது, ஒரே ஒரு சொல். தம்பி, முழிச்சிருந்தீங்களா, தூங்கிட்டீங்களா? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க.